கேம் வருவதற்குள் கன்சோலுக்கு வயதாகிவிடுகிறது

பிளேஸ்டேஷன் 5 கடைக்கு வந்தது 2020 நவம்பரில். ஐந்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. எட்டுக் கோடிக்கும் அதிகமாக விற்றுவிட்டது. ஆனால், சோனியிடம் இருக்கும் ஸ்டூடியோக்களிலேயே அதிகம் கொண்டாடப்படும் நாட்டி டாக், இந்தக் கன்சோலுக்கென்று புத்தம் புதிய கேம் ஒன்றைக்கூட இன்னும் கொடுக்கவில்லை. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பாகத்தை 2022-இல் ரீமேக் செய்தார்கள். இரண்டாம் பாகத்தை 2024-இல் மெருகேற்றித் தந்தார்கள். இரண்டும் முந்தைய கன்சோல்களில் ஏற்கெனவே வந்தவை. ‘இன்டர்கேலக்டிக்’ என்ற புதிய கேமை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள், அறிவிப்போடு நிற்கிறது.

இதே நாட்டி டாக், முதல் பிளேஸ்டேஷனுக்கு 1996-இலிருந்து 1999 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு ‘கிராஷ்’ கேம்களைக் கொடுத்த நிறுவனம். பிளேஸ்டேஷன் 2-க்கு 2001-க்கும் 2005-க்கும் இடையில் நான்கு ‘ஜாக்’ கேம்கள் வந்தன. பிளேஸ்டேஷன் 3-க்கு 2007-இலிருந்து 2013-க்குள் ‘அன்சார்ட்டட்’ மூன்று பாகங்கள், கூடவே ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’. பிளேஸ்டேஷன் 4-இல் அது மூன்றாகக் குறைந்தது. அதிலும் 2017-இல் வந்தது முந்தைய பாகத்திலிருந்து கிளைத்த சிறிய கேம். அடுத்த கன்சோலில் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. ஒரே ஒரு ஸ்டூடியோவின் கதைதான் இது. ஆனாலும் முப்பதாண்டு கன்சோல் வியாபாரத்தின் போக்கு முழுவதும் இதில் தெரிகிறது.

ஒரே கன்சோலில் மட்டும் ஓடும்படி பூட்டிவைக்கப்படும் கேம்களை ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்கிறார்கள். அந்தப் பூட்டுகள் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன. எக்ஸ்பாக்ஸின் பெருமையாக இருந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. ‘கியர்ஸ் ஆஃப் வார்’ அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. சோனி வெளியிட்ட ‘ஹெல்டைவர்ஸ் 2’ அதே ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்குப் போனது. ரசிகர்கள் எல்லோருக்கும் கேம் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நடப்பதைப்போல இது சொல்லப்படுகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு பெரிய கேமை உருவாக்க ஆகும் காலம், ஒரு கன்சோலின் ஆயுளைத் தொட்டுவிட்டது. பூட்டைத் திறக்க வைப்பது அந்தக் காலக்கணக்குதான். இதை இயற்கையின் விதிபோல ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. குறைக்க முடியும், குறைத்தே ஆக வேண்டும் என்பது என் வாதம்.

கன்சோல் வியாபாரத்தின் அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பெட்டியை விற்பதில் பெரிய லாபம் இல்லை. பல சமயம் நஷ்டம். ஒவ்வொரு எக்ஸ்பாக்ஸிலும் 100 முதல் 200 டாலர் வரை தங்கள் கையிலிருந்து போகிறது என்று அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர் 2022-இல் வெளிப்படையாகச் சொன்னார். வருமானம் பின்னால் வருகிறது. வேறு நிறுவனங்கள் அந்தக் கன்சோலில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் பொதுவாக 30 சதவீதம் கன்சோல்காரருக்குச் சேரும். ஆகவே முதலில் வீட்டுக்குள் பெட்டி போய்ச் சேர வேண்டும். போட்டியாளரின் பெட்டியை விட்டுவிட்டு இதை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில்தான் எக்ஸ்க்ளூசிவ். 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது மைக்ரோசாஃப்ட் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தின் பெட்டியை நம்பி வாங்க ஒரே காரணம்தான் இருந்தது: கூடவே வந்த ‘ஹேலோ’.

இப்போது கணக்குக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 2 வந்தது 2000-இல். அடுத்தது 2006, அதற்கடுத்தது 2013, பிறகு 2020. ஆக ஒரு கன்சோல் மேடையின் நடுவில் நிற்பது ஆறேழு ஆண்டு. கேம் செய்ய இரண்டாண்டு எடுக்கும் ஸ்டூடியோ அந்த அவகாசத்தில் மூன்று கேம்களைத் தரும். மூன்றாண்டு எடுத்தால் இரண்டு. ஆறாண்டு எடுத்தால் ஒன்று. அதுவும் தொடங்கிய நேரம் சரியாக அமைந்தால். ஓராண்டு தள்ளிப்போனால் அந்த ஒன்றும் போய்விடும். மக்கள் எந்தப் பெட்டியை வாங்கலாம் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில். முடிவெடுக்கும் நேரத்தில் கேம் இல்லை. கேம் வரும் நேரத்தில் முடிவெடுக்க ஆள் மிச்சமில்லை. எக்ஸ்க்ளூசிவின் வேலையே அங்கே அடிபட்டுப் போகிறது.

இந்தச் சரிவைக் கண்கூடாகப் பார்க்க ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை நிண்டெண்டோவோடு இருந்த ஸ்கொயர் நிறுவனம், கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு போதாமல் சிடி பக்கம் தாவி, ஏழாம் பாகத்தை 1997-இல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. அந்த ஒரு தாவல் ஜப்பானில் போட்டியின் திசையையே மாற்றியது. எட்டாம் பாகம் 1999-இலும் ஒன்பதாம் பாகம் 2000-இலும் வந்தன. ஒரே கன்சோலில், நான்கே ஆண்டில் மூன்று பாகங்கள். பிளேஸ்டேஷன் 2-இல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிளேஸ்டேஷன் 3-க்குப் பதின்மூன்று. அதுவும் அந்தக் கன்சோல் வந்து மூன்றாண்டு கழித்து, 2009 டிசம்பரில். பிளேஸ்டேஷன் 4-க்குப் பதினைந்து, 2016-இல். பிளேஸ்டேஷன் 5-க்குப் பதினாறு, 2023-இல். பல கன்சோல்களைக் கடந்து ஓடும் ஆன்லைன் கேமான பதினான்கை விட்டுவிட்டால், மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியாயிற்று. அந்த ஒன்றும் 2024-இல் கணினிக்கும் 2025-இல் எக்ஸ்பாக்ஸுக்கும் போய்விட்டது.

பதின்மூன்றாம் பாகம் 2006-இல் அறிவிக்கப்பட்டபோது பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் என்றுதான் சொல்லப்பட்டது. வேலை இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் எக்ஸ்பாக்ஸ் 360 மேற்கு நாடுகளில் கோடிக்கணக்கில் விற்றுவிட்டது. 2008-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 கண்காட்சியில், மைக்ரோசாஃப்டின் மேடையில் நின்று அதே கேம் எக்ஸ்பாக்ஸுக்கும் வருகிறது என்று, ஸ்கொயரின் புதிய வடிவமான ஸ்கொயர் எனிக்ஸ் அறிவித்தது. சொன்னபடி ஓரிரு ஆண்டில் கேமை முடித்திருந்தால் அந்த மாற்றத்துக்கு அவசியமே எழுந்திருக்காது என்பது என் கணிப்பு. செலவு ஏற ஏற, ஒரே கன்சோலை நம்பி உட்கார எந்த நிறுவனத்துக்கும் தைரியம் வராது.

மாறாக, வேகம் இருந்த காலத்தில் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் எவ்வளவு கூர்மையான ஆயுதமாக இருந்தது என்பதற்கு ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ சாட்சி. எக்ஸ்பாக்ஸ் களமிறங்கிய காலத்தில் சோனி அந்த வரிசையைத் தன் பக்கம் கட்டிவைத்தது. மூன்றாம் பாகம் 2001, ‘வைஸ் சிட்டி’ 2002, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ 2004. மூன்றாண்டுக்குள் மூன்று கேம்கள், மூன்றும் முதலில் பிளேஸ்டேஷன் 2-இல். எக்ஸ்பாக்ஸ்காரர்கள் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே வரிசையில் ஐந்தாம் பாகத்துக்கும் ஆறாம் பாகத்துக்கும் நடுவே பத்தாண்டுக்கு மேல் இடைவெளி. இப்படியொரு ஒப்பந்தத்தைப் போட்டாலும் ஒரு கன்சோலின் வாழ்நாளில் அது ஒரே ஒரு கேமுக்குத்தான் பயன்படும்.

ஏன் இவ்வளவு காலம்? பலரும் உடனே கிராஃபிக்ஸ் என்பார்கள். சரிதான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு மனித உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் புரியும். ‘கிரான் டூரிஸ்மோ’ கார் பந்தய வரிசையை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். 1997-இல் வந்த முதல் பாகத்தில் ஒரு காரைக் கணினியில் வடிக்க ஒருவருக்கு ஒரு நாள் போதும். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஒரு மாதம். பிளேஸ்டேஷன் 3 காலத்தில் ஆறு மாதம். முன்பு கதவின் கோடு ஒரு நிறப்பட்டையாக இருந்தால் போதும். பிறகு கதவின் கைப்பிடி, முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் தெரியும் பிரதிபலிப்பான், இருக்கையின் தையல் என்று ஒவ்வொன்றும் தனி வேலையாயின. கார் அதே கார்தான். விளையாடுபவருக்கு அது தரும் பரபரப்பு 180 மடங்கு கூடியிருக்கிறதா? அந்த வரிசையின் நான்காம் பாகம் 2004-இல் வந்தது. ஐந்தாம் பாகத்துக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறாம் பாகம் 2013 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தபோது, பிளேஸ்டேஷன் 4 ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது.

ஒரு காருக்கே இப்படி. ஒரு நகரத்துக்கு, ஒரு காட்டுக்கு, நடிகர்களின் முகத்தசை அசைவைக் கேமராவில் பிடித்துப் பாத்திரத்துக்குப் பொருத்தும் வேலைக்கு எவ்வளவு ஆகும்? 2023-இல் மைக்ரோசாஃப்டுக்கும் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் நடந்த வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணமொன்றில் ரகசிய எண்களைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது எண்கள் தெரிந்துவிட்டன. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், சுமார் 200 பேர். ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’டுக்கு 21 கோடிக்கு மேல், சுமார் 300 பேர், ஐந்தாண்டு உழைப்பு. இந்தத் துறையில் செலவு என்பது பெரும்பாலும் சம்பளம். சம்பளம் என்றால் காலம். கேம் ஒரு மாதம் தள்ளிப்போனால், அத்தனை பேருக்கும் ஒரு மாதச் சம்பளம் செலவில் ஏறுகிறது.

22 கோடி டாலரை, 60 டாலர் விலைக்கு விற்ற ஒரு கேமால் மீட்க எத்தனை பிரதி போக வேண்டும்? முழு விலையும் கைக்கு வந்தால்கூட 36 லட்சத்துக்கு மேல். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் முதல் மூன்று நாளில் 40 லட்சம் விற்றது. காரணம், 2020 ஜூனில் உலகத்தில் பிளேஸ்டேஷன் 4 பத்துக் கோடி வீடுகளுக்கு மேல் இருந்தது. அதே கேம் புதிய கன்சோலின் முதலாண்டில் வந்திருந்தால்? வாங்க ஆளே அவ்வளவு இருந்திருக்க மாட்டார்கள். ‘ஃபர்பிடன் வெஸ்ட்’டும் ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’கும் 2022-இல் வந்தபோது பிளேஸ்டேஷன் 4-லும் ஓடும்படி செய்யப்பட்டது இந்தக் கணக்கால்தான். பழைய கன்சோலில் தொடங்கிய வேலை புதிய கன்சோலின் இரண்டாம் ஆண்டில் முடிந்தது. இரண்டு தலைமுறையையும் சேர்த்து விற்றால்தான் முதல் தேறும். புதிய பெட்டி வாங்கியவருக்கு, அதற்கென்றே பிறந்த கேம் கிடைக்கவில்லை. இந்தியாவில் அந்தப் பெட்டி 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அவ்வளவு பணம் போட்டவர் இதை எண்ணிப் பார்ப்பது நியாயம்தான்.

இரண்டு தலைமுறைக் கன்சோல்களுக்கு விற்பது போதாமல் கணினிக்கும், பிறகு போட்டியாளருக்கும் விற்பது அடுத்த படி. சோனியின் ஸ்டூடியோக்களுக்குத் தலைமை வகித்த ஷான் லேடன், செலவு 20 கோடி டாலரைத் தாண்டும்போது எக்ஸ்க்ளூசிவ் என்பதே ஒரு கேமின் பலவீனமாகிவிடுகிறது என்ற பொருளில் 2024-இல் பேசினார். பதவியில் இல்லாதவர்களால் உண்மையைச் சொல்ல முடிகிறது. ‘ஹெல்டைவர்ஸ் 2’ உருவாக ஏறத்தாழ எட்டாண்டு ஆனது. 2024 பிப்ரவரியில் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் ஒரே நாளில் வந்து பெரும் வெற்றி பெற்றது. எட்டாண்டு உழைப்பை ஒரே கடையில் வைத்து விற்றிருந்தால் அந்தக் கூட்டம் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

பொங்கலுக்கு வர வேண்டிய படம் தீபாவளிக்குத் தள்ளிப்போனால், அதே தியேட்டரில் பார்த்துக்கொள்ளலாம். கேம் தள்ளிப்போனால் தியேட்டரையே இடித்துவிட்டு வேறு கட்டியிருப்பார்கள். 2006-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் என்று ‘ஃபைனல் ஃபேன்டஸி வெர்சஸ் 13’ அறிவிக்கப்பட்டது. இயக்குநர் மாறினார், பெயர் மாறியது, கன்சோலும் மாறியது. பத்தாண்டு கழித்து, பதினைந்தாம் பாகமாக, பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் சேர்த்தே வந்தது. ஃபுமிடோ உவேடாவின் ‘தி லாஸ்ட் கார்டியன்’ பிளேஸ்டேஷன் 3-க்காக 2009-இல் அறிவிக்கப்பட்டு, 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4-இல் வெளியானது. பிளேஸ்டேஷன் 3 வாங்கியவர்கள் அதை அந்தப் பெட்டியில் விளையாடவே முடியாமல் போனது.

நிண்டெண்டோவிலும் இது நடந்திருக்கிறது. கேம்கியூப் கன்சோலுக்கென்று 2005-இல் வர வேண்டிய செல்டா கேம் ‘ட்விலைட் பிரின்சஸ்’ தள்ளிப்போய், 2006 நவம்பரில் வீ கன்சோலோடு வந்தது. கேம்கியூப்காரர்களுக்கு அதற்கும் அடுத்த மாதம்தான். இதில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. கதாநாயகன் லிங்க் இடதுகைப் பழக்கமுள்ளவன். வீயிலோ ரிமோட்டை வாள்போல வீச வேண்டும். பெரும்பாலோர் வலது கையால் வீசுவார்கள். அதற்காக லிங்கை வலதுகைக்காரனாக மாற்றினார்கள். அவனை மட்டும் தனியே மாற்றுவது பெரும் வேலை என்பதால், கேமின் உலகம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டார்கள். கிழக்கு மேற்கானது. தாமதம் ஒரு கேமின் வரைபடத்தையே புரட்டிப்போட்டது. 2017-இல் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டும் இதே வழியில் வந்தது: வீ யூ கன்சோலைக் காப்பாற்ற வேண்டிய கேம், தாமதத்தால் ஸ்விட்ச் கன்சோலின் முதல் நாள் கேமானது. நிண்டெண்டோவுக்கு அது வரமாக அமைந்தது. வீ யூவை நம்பி வாங்கிய ஒன்றேகால் கோடிக்கும் மேற்பட்டோருக்கு?

காலத்திடம் மிக மோசமாகத் தோற்றது மைக்ரோசாஃப்ட்தான். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2007-இலிருந்து 2012-க்குள் ‘ஹேலோ 3’, ‘ஓடிஎஸ்டி’, ‘ரீச்’, ‘ஹேலோ 4’ என்று தொடர்ந்து வந்தன. 2015-இல் ஐந்தாம் பாகம். அதற்கடுத்த ‘ஹேலோ இன்ஃபினிட்’, 2020 நவம்பரில் புதிய எக்ஸ்பாக்ஸோடு கைகோத்து வரும் என்றார்கள். அந்த ஜூலையில் சில நிமிடக் காட்சி ஒன்றைக் காட்டினார்கள். அதில் வந்த முரட்டு வேற்றுக்கிரகவாசி ஒருவனின் முகத்தில் உயிரே இல்லை. களிமண் பொம்மைபோல இருந்த அந்த முகத்துக்கு ரசிகர்கள் ‘கிரெய்க்’ என்று பெயரிட்டு இணையம் முழுக்கப் பரப்பினார்கள். மூன்றே வாரத்தில் கேம் தள்ளிவைக்கப்பட்டது. ஹேலோ இல்லாமல் எக்ஸ்பாக்ஸ் கடைக்கு வந்தது. கேம் 2021 டிசம்பரில் வந்தபோது நன்றாகவே இருந்தது. ஆனால், நண்பர்களோடு சேர்ந்து கதையை விளையாடும் வசதி வர 2022 நவம்பர் ஆனது. கன்சோல் தலைமுறையின் முதல் இரண்டாண்டு, அதாவது தீர்மானிக்கும் இரண்டாண்டு, கைநழுவியது. அந்த ‘ஹேலோ’வின் 2001 கதையை இப்போது ரீமேக் செய்து பிளேஸ்டேஷன் 5-க்கும் தருவதாக 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறார்கள்.

காலத்தைப் பணத்தால் வாங்கிவிடலாம் என்றும் மைக்ரோசாஃப்ட் நம்பியது. பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கும், ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கும் வாங்கியது. ஸ்டூடியோக்கள் கிடைத்தன, கேம்கள் அதே வேகத்தில்தான் வந்தன. பெதஸ்டா 2018-இல் அறிவித்த ‘ஸ்டார்ஃபீல்டு’ 2022-இலிருந்து 2023 செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதே 2018 மேடையில் காட்டிய ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ இன்னும் வரவில்லை. ஐந்தாம் பாகம் வந்தது 2011-இல். ‘பெர்ஃபெக்ட் டார்க்’ கேமைச் செய்துவந்த தி இனிஷியேட்டிவ் ஸ்டூடியோ 2018-இல் தொடங்கியது. 2025 ஜூலையில் கேமும் ஸ்டூடியோவும் சேர்ந்தே மூடப்பட்டன. 2019-இல் அறிவிக்கப்பட்ட, ரேர் ஸ்டூடியோவின் ‘எவர்வைல்ட்’டும் அந்த 2025 ஜூலையிலேயே ரத்தானது.

சோனி வேறொரு குறுக்குவழியைத் தேடியது. ஒரு கேமை வெளியிட்டுப் பத்தாண்டு வரை புதுசு புதுசாகச் சேர்த்து ஓட்டும் ‘லைவ் சர்வீஸ்’ கேம்கள் இருந்தால், ஐந்தாண்டுக்கொரு முறை பிரம்மாண்டமாக ஒன்றைத் தூக்கி நிறுத்தத் தேவையில்லை என்று எண்ணியது. 2026 மார்ச்சுக்குள் பன்னிரண்டு என்று இலக்கு வைத்து, 2023 இறுதியில் அதை ஆறாகக் குறைத்தது. ஒருவர் தனியாக விளையாடும் கேம்களில் கைதேர்ந்த நாட்டி டாக், பெண்ட், புளூபாயிண்ட் எல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டன. மூன்றின் முயற்சிகளும் ரத்தாயின. ஃபயர்வாக் ஸ்டூடியோவின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து, செப்டம்பர் 6 அன்று திரும்பப் பெறப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் ஸ்டூடியோ மூடப்பட்டது. 2016-இல் ‘ஓவர்வாட்ச்’ கிளப்பிய அலையில் குதிக்க வேண்டிய கேம் அது. பல ஆண்டு செதுக்கி முடித்தபோது அலை ஓய்ந்திருந்தது. காலநீட்சியிலிருந்து தப்பிக்கப் போட்ட திட்டமே காலநீட்சிக்குப் பலியானது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

அவசரப்படுத்தினால் கேம் கெட்டுவிடும் என்று எதிர்வாதம் வரும். அதில் நியாயம் உண்டு. ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ கேமை 2022-இலிருந்து ஓராண்டு தள்ளிவைத்து மெருகேற்றினார்கள். கண்ட பொருளையெல்லாம் ஒட்டி வண்டியும் பாலமும் கட்டலாம், ஆனாலும் கேம் உடையாது; அந்த ஓராண்டின் பலனை விளையாடும்போது கை உணரும். மூன்று நாளில் ஒரு கோடி பிரதி விற்றது. முடியும் தறுவாயில் செலவழிக்கும் அந்த ஓராண்டு வேறு. என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் தொடக்கத்தில் கரையும் நான்காண்டு வேறு. ‘மெட்ராய்டு பிரைம் 4’ 2017-இல் வெறும் பெயர்ப்பலகையாக அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில், தரம் போதவில்லை, முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று நிண்டெண்டோவின் தகாஹாஷி ஷின்யா காணொளியில் தோன்றி வருத்தம் தெரிவித்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் கேம் வந்தது 2025 டிசம்பரில், ஸ்விட்ச் 2 வந்த பிறகு.

குறைந்த காலத்தில் நல்ல கேம் வராது என்று நினைப்பவர்கள் ‘மஜோராஸ் மாஸ்க்’ பிறந்த கதையைக் கேட்க வேண்டும். 1998 நவம்பரில் ‘ஒகரினா ஆஃப் டைம்’ வந்து உலகத்தையே கட்டிப்போட்டது. அதையே சற்று மாற்றிக் கடினமாக்கித் தரலாம் என்பது மியமோடோ ஷிகேருவின் எண்ணம். அந்த வேலையில் மனம் ஒட்டாத அஓனுமா எய்ஜி, புதிதாகச் செய்ய அனுமதி கேட்டார். ஓராண்டில் முடித்தால் சரி என்றார் மியமோடோ. புதிய பாத்திரங்களை வடிக்க நேரமில்லை. பழைய கேமின் ஊர்க்காரர்களையே எடுத்துப் புதிய பெயரும் புதிய வாழ்க்கையும் கொடுத்தார்கள். பெரிய உலகத்தைக் கட்ட நேரமில்லை. திருடன்-போலீஸ் கேம் ஒன்றுக்காக ஒரே காலத்தைத் திரும்பத் திரும்ப வாழும் யோசனையோடு இருந்த கோயிசுமி யோஷியாகி வந்து சேர்ந்தார். நிலவு ஊரின் மீது விழ மூன்று நாள். அதற்குள் உலகைக் காக்க வேண்டும். முடியாவிட்டால் மறுபடியும் முதல் நாள் காலை. தபால்காரர் எப்போது எந்தத் தெருவில் ஓடுவார், விடுதிக்காரப் பெண் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று மூன்று நாளின் ஒவ்வொரு மணிக்கும் கணக்கு உண்டு. நேரமின்மையே கேமின் கருவாகிவிட்டது. 2000 ஏப்ரலில் வெளியானது, நிண்டெண்டோ 64 கன்சோலின் கடைசிக் காலத்தில் அதற்கொரு இரண்டாவது செல்டாவாக. இருபத்தைந்தாண்டு கழித்தும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. இன்சோம்னியாக் ஸ்டூடியோ 2018-இல் ‘ஸ்பைடர்மேன்’ கேமுக்காக நியூயார்க் நகரத்தைக் கட்டியது. 2020-இல் அதே நகரத்தில் பனி பெய்யவைத்து, மைல்ஸ் மொராலஸ் என்ற இளைஞனின் சிறிய கதையைப் பிளேஸ்டேஷன் 5-இன் முதல் நாளுக்கே தயார் செய்தது. அடுத்த ஆண்டு ‘ராட்செட் அண்ட் கிளாங்க்’. 2023-இல், ஆற்றுக்கு அக்கரைப் பகுதிகளையும் சேர்த்து ‘ஸ்பைடர்மேன் 2’. கட்டிய நகரத்தை இடிக்காமல் அதில் மறுபடி குடியேறியதால் சோனிக்கு இந்தத் தலைமுறையில் சொல்லிக்கொள்ள ஏதோ இருந்தது. ஒரு கேமின் தெருவை அடுத்த கேமில் பார்த்தால் சோம்பேறித்தனம் என்று திட்டும் பழக்கம் ரசிகர்களிடமும் விமர்சகர்களிடமும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். ட்ரெய்லரில் இலையின் நரம்பு தெரியவில்லை என்று குறை சொல்பவர்கள், அந்த நரம்புக்கு ஆன மாதங்களையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றுக்குமே பணமும் திறமையும் குறைவில்லை. தங்கள் பெரிய ஸ்டூடியோ ஒவ்வொன்றிடமும் ஆறாண்டுக் கேம் ஒன்றுக்கு நடுவே, இருக்கும் உலகத்தையும் கருவிகளையும் வைத்து இரண்டாண்டில் முடியும் சிறு கேம் ஒன்றைக் கேட்பது அவர்களால் முடியாத காரியமல்ல. பாதி விலைக்கு, எட்டு மணி நேரத்தில் முடியும் கேமாக அது இருக்கட்டும். உருப்பெறாத கேமை மேடையில் அறிவிப்பதையும் நிறுத்த வேண்டும். 2018-இல் காட்டிய பெயர்ப்பலகையை நம்பிப் பெட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அவர்களைவிடவும் கவலை தருபவர்கள் இந்தக் கேம்களைச் செய்பவர்கள். 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் எல்லாப் பிரிவுகளிலுமாகச் சுமார் 9,000 பேரை வெளியேற்றியது. 2024 பிப்ரவரியில் சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு 900 பேரை. இரண்டாண்டுக் கேம் ஒன்று ரத்தானால், அதில் உழைத்தவர் இரண்டாண்டை இழக்கிறார். ஆறேழு ஆண்டு உழைத்த கேம் ரத்தானால், முப்பது வயதில் சேர்ந்த ஓர் அனிமேஷன் கலைஞர் நாற்பதை நெருங்கும்போது, தன் பெயர் போட்ட ஒரு கேம்கூட இல்லாமல் வேலை தேடிப் போகிறார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதால் செய்த வேலையை வெளியே காட்டவும் முடியாது.

அடுத்த கன்சோல்களுக்கான சில்லுகளை ஏஎம்டியோடு சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருப்பதாக மைக்ரோசாஃப்ட், சோனி இரண்டுமே 2025-இல் சொல்லிவிட்டன. சில ஆண்டுகளில் அவை வரும். அவற்றின் முதல் நாளுக்கு ஆறாண்டுக் கேம் ஒன்று தயாராக இருக்க வேண்டுமென்றால் அது இந்நேரம் பாதி முடிந்திருக்க வேண்டும். மூன்றாண்டுக் கேமென்றால், எத்தனை பேர், எவ்வளவு பெரிய உலகம், எதைப் புதிதாகச் செய்வது, எதைப் பழையதிலிருந்து எடுப்பது என்ற பேச்சு இப்போது ஸ்டூடியோக்களில் நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சில் தேதியைச் சொல்லும் அதிகாரம், கேமைச் செய்பவர்களிடமே இருக்கட்டும்.